தும்பறைப் பாயும் காணாமற்போகும் நாரும்

கண்டி நகரில் கைப்பணிப் பொருட்கள் விற்கும் கடைகளில் சுவரில் தொங்கும் ஒரு பாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெளிர் மஞ்சள் நிலத்தில் சிவப்பும் கறுப்புமாகக் கோடுகள் ஓடும். நடுவில் யானை, மான், மயில், பாம்பு, கொடி என்று ஏதாவது ஓர் உருவம் சதுரம் சதுரமாக எழுந்து நிற்கும். அதுதான் தும்பறைப் பாய். உல்லாசப் பயணிகள் வாங்கிச் செல்லும் அலங்காரப் பொருளாகவே இன்று அது நமக்குத் தெரிகிறது. ஆனால் விவசாயம் கற்பிக்கும் எனக்கு அந்தப் பாயைக் காணும்போதெல்லாம் வேறொரு கேள்வி எழும். இதன் நார் எந்தச் செடியிலிருந்து வந்தது? அந்தச் செடி இப்போது எங்கே நிற்கிறது?

தும்பறை என்பது மகாவலி கங்கையும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் அணைத்து நிற்கும் பள்ளத்தாக்கு. மடவளை, திகன, தெல்தெனிய ஆகிய ஊர்களிலிருந்து நமது கல்லூரிக்கு வரும் மாணவிகள் தினமும் கடந்து வரும் நிலம் அதுதான். (ஊர்ப்பெயரில் ‘தும்பு’ என்று ஒலிப்பதைக் கண்டு தும்புக்கும் தும்பறைக்கும் உறவு சொல்லப் புறப்பட்டுவிட வேண்டாம். அது வெறும் ஒலி ஒற்றுமை.) மெனிக்ஹின்னவுக்கு அண்மையிலுள்ள கலாசிரிகம என்ற கிராமத்தில் இந்தப் பாயை நெய்யும் குடும்பங்கள் வாழ்கின்றன. கண்டி மன்னர் காலத்தில் அரண்மனைக்குப் பாய் நெய்து கொடுத்தவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். அரசன் வியந்து வாங்கிய பாயை நெய்தவர்களைச் சமூகம் சாதியின் பெயரால் ஒதுக்கி வைத்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1660இல் கண்டி அரசனால் சிறைபிடிக்கப்பட்டு, தொப்பி பின்னி விற்று வயிறு வளர்த்து, 1679இல் தப்பியோடிய றொபட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலில், நேர்த்தியான பாய் நெய்யும் இந்தச் சமூகத்தாரையும் அவர்களது தாழ்த்தப்பட்ட நிலையையும் குறிப்பிடுகிறார். 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்ததோடு அரண்மனை ஆதரவு போயிற்று. கைப்பணி மட்டும் தப்பிப் பிழைத்தது.

2021 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் இந்த நெசவுக் கலையை மனித குலத்தின் புலப்படாப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நமது மாவட்டத்துக்குக் கிடைத்த பெருமை இது. ஆனால் அந்தப் பெருமைக்குள் ஒரு குறை இருக்கிறது. முன்னர் ‘ஹண’ என்ற செடியின் நாரில் நெய்யப்பட்ட இந்தப் பாய், அந்த நார் கிடைப்பது அரிதாகிவிட்டதால், இப்போது பெரும்பாலும் பருத்தி நூலிலேயே நெய்யப்படுகிறது. கைகளும் தறியும் உருவங்களும் இருக்கின்றன, பயிர் இல்லை. கலையைக் காப்பாற்றுவது பற்றிப் பேசும் நாம் பயிரைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்பதே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

முதலில் செடியை அறிந்துகொள்வோம். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் இந்தப் பாய் நெசவை விவரிக்கும்போது ‘நியந்த’ என்ற செடியின் நாரைக் குறிப்பிடுகிறார். நியந்த என்பது இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் உரிய செடி. தமிழில் அதற்கு ‘மரல்’ அல்லது ‘மருள்’ என்று பெயர். தமிழிலக்கியம் படிக்கும் மாணவிகள் இங்கே சற்று நிற்கலாம். சங்கப் பாடல்களில் பாலை நிலத்தை வருணிக்கும் இடங்களில் வரும் மரல் இதுதான். வெயில் தாங்கும் செடி என்று புலவர்கள் கண்டுவைத்தது வீண் போகவில்லை. ஹண என்ற பெயரோ இன்று பொதுவாக ஆனைக்கற்றாழையை ஒத்த தடித்த நீண்ட இலைச் செடிகளுக்கு வழங்குகிறது. இவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் நாட்டில் வேரூன்றிய அகேவ் வகையைச் சேர்ந்தவை. இரண்டும் வெவ்வேறு செடிகளாயினும் நார் எடுக்கும் முறை ஒன்றே. மரலின் நெருங்கிய உறவுச் செடி ஒன்று உங்களில் பலரது வீட்டு வாசலில் பூச்சாடியில் நிற்கிறது. பாம்பின் தோல்போலப் பட்டை பட்டையாக, வாள்போல நிமிர்ந்து நிற்குமே, அதுதான்.

இந்தச் செடிகளின் உடற்றொழிலில் ஒரு விசேடம் உண்டு. பெரும்பாலான தாவரங்கள் பகலில் இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை உள்ளெடுக்கின்றன. அப்போது நீராவியும் வெளியேறுகிறது. அகேவும் மரலும் இரவில் இலைவாய்களைத் திறக்கின்றன. இரவுக் குளிரில் உள்ளெடுத்த வாயுவை அமிலமாகச் சேமித்து, பகலில் இலைவாய்களை மூடிக்கொண்டு ஒளித்தொகுப்புச் செய்கின்றன. ஆகவே நீரிழப்பு மிகக் குறைவு. வேறெதுவும் விளையாத கல்லும் பாறையுமான நிலத்தில் நீரும் உரமுமின்றி நிற்பதற்கு இதுவே காரணம். இலையை நிமிர்த்திப் பிடிப்பதற்காக அதனுள் நீளவாக்கில் ஓடும் தடித்த சுவருள்ள கலங்களின் கட்டுகளே நமக்கு நாராகின்றன. செடிக்கு எலும்பு, நமக்குக் கயிறு.

நார் எடுக்கும் முறை எளிது, ஆனால் கடினமான வேலை. முற்றிய இலையை வெட்டி, பலகையில் அல்லது மரக்குற்றியில் வைத்து, மழுங்கிய அலகால் அழுத்திச் சுரண்டினால் பச்சைச் சதை கழன்று வெண்ணார் மிஞ்சும். அதைக் கழுவி, காயவைத்து, சீவி, முறுக்கி இழையாக்குவார்கள். சிவப்புச் சாயத்துக்குப் பதங்கி மரத்தின் வைரம், மஞ்சளுக்கு மரமஞ்சள் கொடி என்று நிறமும் தாவரத்திலிருந்தே வந்தது. இந்த மரமஞ்சள், சிங்களத்தில் ‘வெனிவெல்’, இன்று காடுகளில் அருகிவரும் மருந்துக்கொடி. ஆகவே பழைய முறை என்பதற்காகக் காட்டிலிருந்து அதை வெட்டிவந்து சாயம் காய்ச்சுவதை நான் ஆதரிக்க மாட்டேன். பயிரிட்டு எடுத்தால் அது வேறு விடயம்.

நிலைபேறான விவசாயம் என்றால் என்ன என்று கேட்டால், வகுப்பில் எல்லோரும் ஒரே வரைவிலக்கணத்தை ஒப்புவிப்பார்கள். அதைவிடத் தும்பறையின் மண்ணைப் பார்ப்பது பயனுள்ளது. 1985இல் விக்டோரியா நீர்த்தேக்கம் நிறைந்தபோது பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. உங்கள் பாட்டிமாரைக் கேட்டால் பழைய கடைவீதியைப் பற்றிச் சொல்வார்கள். அந்த நீர்த்தேக்கத்தையும் அதற்கு மேலே 1976இல் முடிக்கப்பட்ட பொல்கொல்லை அணைக்கட்டையும் நிரப்புவது மழைநீர் மட்டுமல்ல. மேலே மலைச்சரிவுகளில் அரித்தெடுக்கப்பட்ட மண்ணும்தான். கைவிடப்பட்ட தேயிலை நிலங்கள், காப்பின்றிக் கொத்தப்பட்ட மரக்கறித் தோட்டங்கள், வீடு கட்ட வெட்டிய மேடுகள் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொரு பெருமழைக்கும் மேல்மண் கீழே இறங்குகிறது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் சட்டப் புத்தகம் மண்ணைப் பிடித்து வைக்காது. வேர்தான் பிடித்து வைக்கும்.

நார்ப்பயிர் இங்கேதான் உதவுகிறது. சரிவுக்குக் குறுக்கே, சம உயரக் கோட்டில், நெருக்கமாக நட்ட மரலோ அகேவோ ஒரு சிறு அணைபோல நிற்கும். மேலிருந்து வரும் நீரின் வேகம் அதில் தட்டிக் குறையும். சுமந்து வந்த மண் அதன் பின்னால் படியும். மரலின் நிலக்கீழ்த் தண்டு பக்கவாட்டில் பரவி மண்ணைக் கட்டும். வெட்டிவேர் இன்னும் ஒரு படி மேல். அதன் வேர் மூன்று மீற்றர் ஆழம்வரை நேராக இறங்கக்கூடியது. முக்கியமான விடயம், இலையை வெட்டி நார் எடுத்தாலும் அகேவ், மரல் ஆகியவற்றின் வேர் நிலத்திலேயே இருக்கும். கிழங்கைத் தோண்டுவதுபோல மண்ணைக் கிளற வேண்டியதில்லை. அறுவடை நடந்துகொண்டே வேலியும் நிற்கும்.

கண்டி மாவட்டத்து வீட்டுத்தோட்டம் உலகில் ஆய்வாளர்கள் தேடிவந்து படித்த ஒன்று. பலாவும் தென்னையும் மேலே, கமுகும் கராம்பும் சாதிக்காயும் நடுவே, மிளகுக் கொடி மரங்களில் ஏறி, கீழே கோப்பியும் இஞ்சியும் மஞ்சளும் என்று அடுக்கடுக்காக அமைந்த காடு அது. அக்குறணையிலும் கலகெதரையிலும் கம்பளையிலும் நம் வீடுகளைச் சுற்றி இருப்பது அதுவே. அந்தத் தோட்டத்துக்குள் நார்ப்பயிர் எப்போதும் இருந்து வந்திருக்கிறது. நாம்தான் அப்படி எண்ணிப் பார்ப்பதில்லை. தென்னை மட்டை தும்பு தந்தது. கித்துள் மரத்தின் இலையடியில் கிடைக்கும் கறுப்பு நாரில் தூரிகையும் துடைப்பமும் செய்தார்கள். இலவ மரம் தலையணைக்குப் பஞ்சு தந்ததோடு மிளகுக்குக் கொழுகொம்பாகவும் நின்றது. வாழைத் தண்டின் நார் பூமாலை கட்டவும் வெற்றிலைக் கட்டுக்கும் போதுமானது. இலை, தண்டு, காய் என்று செடியின் எந்த உறுப்பிலிருந்து நார் வருகிறது என்பதைப் பொறுத்தே அதன் குணமும் அமைகிறது. தேங்காய்த் தும்பில் இலிக்னின் அதிகம். அதனால்தான் அது நீரிலும் உப்பிலும் எளிதில் உக்காது. மண்சரிந்த சரிவுகளில் தும்பு வலை விரித்து, அதன் கண்களுக்குள் புல் வளர்த்து, புல் வேரூன்றிய பிறகு வலை தானே மண்ணாகிப் போக விடும் முறை இந்தக் குணத்தின் மீதுதான் நிற்கிறது. பிளாஸ்டிக் வலை அப்படிப் போகாது.

கண்டி இராச்சியத்தில் முஸ்லிம்கள் பொதிமாட்டுத் தாவளம் நடத்தியவர்கள் என்பதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். உப்பும் கருவாடும் மேலே வந்ததும், பாக்கும் மிளகும் கீழே போனதும் அந்த மாடுகளின் முதுகில்தான். கயிறும் பொதிச்சாக்கும் இல்லாமல் தாவளம் ஏது? நம் மூத்தோரின் தொழில் நாரில் கட்டப்பட்டிருந்தது என்று சொன்னால் மிகையாகாது. இன்று ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வாங்கிவரும் ஆட்டைக் கட்டுவதுகூட நைலோன் கயிற்றில்.

நபி (ஸல்) அவர்களது படுக்கை ஈச்சநார் நிரப்பிய தோலினால் ஆனது என்பது ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக நமக்கு வந்த செய்தி. அவர்கள் பாயில் படுத்தெழும்போது அதன் தடம் மேனியில் பதிந்திருந்ததையும் தோழர்கள் சொல்லியிருக்கிறார்கள். இவற்றை எளிமைக்கு எடுத்துக்காட்டாக நாம் பயான்களில் கேட்கிறோம். விவசாய மாணவிக்கு இன்னொன்றும் தோன்றலாம். பாலைவன ஊரில் பேரீச்சை ஒன்றே உணவாகவும், நிழலாகவும், நாராகவும், ஓலையாகவும் பயன்பட்டிருக்கிறது. எந்தப் பகுதியும் கழிவாகவில்லை.

ஆனால் ‘இயற்கை’ என்ற சொல்லைக் கேட்டதும் தலையாட்டிவிடக் கூடாது. பருத்தியும் இயற்கை நார்தான். ஒரு கிலோகிராம் பருத்தித் துணிக்கு உலக சராசரியாகச் சுமார் 10000 லீற்றர் நீர் செலவாகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மத்திய ஆசியாவில் 1960களிலிருந்து பருத்தி வயல்களுக்காக ஆறுகளைத் திருப்பியதால் ஏரல் கடல் என்ற பெரும் ஏரி பெரும்பகுதி வற்றி, மீன்பிடிப் படகுகள் மணலில் கிடந்தன. தேங்காய் மட்டையைக் களப்பு நீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டால் அந்த நீர் கறுத்து நாறும். அகேவ் வகையில் ஒன்றான மொரீசியஸ் சணல் சில தீவுகளில் காட்டுக்குள் பரவி அங்குள்ள செடிகளை நெருக்கியிருக்கிறது. எந்த நிலத்தில், எவ்வளவு நீரில், எதை அகற்றிவிட்டு நடுகிறோம் என்பதே கேள்வி. அந்தக் கணக்கைப் பார்த்தால், தும்பறைப் பாயில் ஹணவின் இடத்தைப் பருத்தி பிடித்தது வெறும் நூல் மாற்றம் அல்ல. மழைநீரில் மட்டும் நின்ற உள்ளூர்ச் செடியின் இடத்துக்கு, நெசவாளர் கடையில் விலைகொடுத்து வாங்க வேண்டிய நூல் வந்திருக்கிறது.

சிங்களத்தில் ஹண என்ற அதே பெயரால் வழங்கும் இன்னொரு நார்ப்பயிரும் உண்டு, நமது சணல். அவரையினத் தாவரமாதலால் வேர்ச் சிறுகணுக்களில் வாழும் பற்றீரியாக்களின் துணையோடு வளியிலுள்ள நைதரசனை மண்ணுக்குச் சேர்க்கும். விதைத்து ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில், பூக்கும் தறுவாயில் உழுது புதைத்தால் பசளை; முற்றவிட்டு வெட்டி ஊறவைத்தால் நார். இரண்டையும் ஒரே பயிரில் முழுமையாகப் பெற முடியாது என்பதை விவசாயி அறிந்திருக்க வேண்டும். 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டு, அறுவடை குறைந்து, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே தடை தளர்த்தப்பட்டதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். சேதனப் பசளை தவறு என்பதல்ல அதிலிருந்து நான் பெற்ற பாடம். பசுந்தாட் பயிரை வளர்த்து மண்ணைத் தயார்செய்வதற்குப் பல போகங்கள் வேண்டும். ஓர் அறிவித்தலால் அது நடக்காது. பாய் உலகப் பட்டியலில் ஏறியதும் அதே 2021இல்தான்.

அப்படியானால் ஹண ஏன் அருகியது? எனக்குப் படும் காரணம் எளியது. அகேவ் நட்டால் முதல் இலை வெட்ட இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். போஞ்சி நட்டால் இரண்டு மாதத்தில் சந்தைக்குப் போகலாம். இலையின் எடையில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்குதான் நார். மீதி சதையும் சாறும். சாறு தோலில் பட்டால் அரிக்கும். இவ்வளவு பாடுபட்டு நார் எடுத்தாலும் நிலையான விலை இல்லை. நெசவாளர் நார் இல்லை என்பார். விவசாயி வாங்க ஆள் இல்லை என்பார். இருவருக்கும் இடையே இருபது கிலோமீற்றர்கூட இல்லை. இதே கதை பெரிய அளவில் தன்சானியாவில் நடந்தது. 1893இல் அங்கு கொண்டுவரப்பட்ட சிசல் கன்றுகளில் உயிர்தப்பியவை 62 மட்டுமே. அவற்றிலிருந்து பெருகிய தோட்டங்கள் 1960களில் உலகச் சந்தையையே ஆண்டன. பிறகு பெற்றோலியத்திலிருந்து செய்த பொலிபுரொப்பிலீன் கயிறு மலிவாக வந்து அந்தத் தொழிலைச் சாய்த்தது. அந்தக் கயிறு வெயிலில் நொறுங்கித் துகள்களாகி மண்ணில் கிடப்பதன் விலையை அப்போது யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 மீற்றர் நீளமான எல்லையில் மீற்றருக்கு ஒன்றாக 50 அகேவ் கன்றுகள் நடுகிறோம். சிசல் செடியொன்று 7 முதல் 10 ஆண்டு வாழ்நாளில் 200 முதல் 250 இலைகள் வரை தரும். குறைத்துக் கணக்கிட்டு, மூன்றாம் ஆண்டின் பின் ஆண்டுக்கு 20 இலை என்று கொள்வோம். மொத்தம் 1000 இலைகள். ஓர் இலை அரைக் கிலோகிராம் என்றால் 500 கிலோகிராம். நூற்றுக்கு 4 பங்கு நார் என்றால் 20 கிலோகிராம். ஒரு குடும்பம் இதை வைத்துப் பிழைக்க முடியாது, உண்மை. ஆனால் நாம் இழந்தது என்ன? மிளகுக்கும் கோப்பிக்கும் உரிய இடத்தில் ஒரு சாணும் இல்லை. முள்ளுக்கம்பி அடித்திருக்க வேண்டிய எல்லையில் ஒரு வேலி நிற்கிறது. மீதமான 480 கிலோகிராம் சதையைச் சீமைக்கிளுவை இலையும் உலர்ந்த சருகும் கலந்து கூட்டெருவாக்கலாம். இப்படி ஐம்பது வீடுகள் சேர்ந்தால் ஆண்டுக்கு 1000 கிலோகிராம் நார். கலாசிரிகமவின் தறிகளுக்கு அது அற்பமல்ல. கையால் சுரண்டும் கடினத்தைக் குறைக்க, பலருக்குப் பொதுவாக ஒரு நார் உரிக்கும் இயந்திரம் போதும். அதை யார் வாங்கித் தருவது என்பதை மாகாண விவசாயத் திணைக்களமும் கைப்பணித் துறையும் ஒரே மேசையில் அமர்ந்து பேச வேண்டும். பெற்றோரில் கிராம அபிவிருத்திச் சங்கங்களில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியை அங்கே எழுப்பலாம்.

மாணவிகள் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு செயன்முறையோடு முடிக்கிறேன். பூச்சாடியிலுள்ள அந்தப் பாம்புத்தோல் செடியின் முற்றிய இலை ஒன்றை அடியில் வெட்டி எடுங்கள். கையுறை அணிந்து, பலகையில் வைத்து, சிரட்டையின் விளிம்பால் ஒரே திசையில் அழுத்திச் சுரண்டுங்கள். கிடைத்த நாரை மூன்று முறை கழுவி நிழலில் உலர்த்துங்கள். சில இழைகளைச் சேர்த்து முறுக்கி ஒரு சாண் கயிறு திரியுங்கள். அதே நீளத்தில் ஒரு நைலோன் கயிறு, ஒரு பருத்தித் திரி, ஒரு தும்புக் கயிறு ஆகியவற்றையும் எடுத்து, நான்கையும் நிறுத்து எழுதிவைத்து, ஈரமான தோட்ட மண்ணில் ஒரு சாண் ஆழத்தில் தனித்தனியாகப் புதைத்து அடையாளக் குச்சி நடுங்கள். மாதம் ஒருமுறை தோண்டி, மெல்லக் கழுவி உலர்த்தி, நிறுத்து, இழுத்துப் பார்த்து, அட்டவணையில் குறியுங்கள். ஒவ்வொரு முறையும் நைலோனுக்குரிய நிரலில் நீங்கள் எழுதப்போகும் எடையைத் தனியாக வட்டமிட்டு வையுங்கள். அடுத்த தவணை வகுப்பில் அந்த எண்களை வைத்தே பாடத்தைத் தொடங்குவோம்.